நெருக்கி நட்ட மரமும் விலக்கி நட்ட மரமும்

டோர்ட்முண்டில் இருந்து ஒரு தாய் கேள்வி அனுப்பியிருந்தார். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகனைப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஸவர்லாண்டுக்குக் கன்று நடக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பட்டைவண்டு தின்று வெறுமையாகிப் போன மலைச்சரிவு ஒன்று. வீட்டுக்கு வந்த பொடியன் இப்படிக் கேட்டானாம்: "அம்மா, எங்கட ஹோல் அளவு இடத்துக்குள்ள இருபத்தைஞ்சு ஐஷக் கன்றை நெருக்கி நடச் சொன்னவை. பிறகு பன்னிரண்டு மீட்டர் தள்ளித்தான் அடுத்த கூட்டம். நடுவில எல்லாம் சும்மா கிடக்கு. அவைக்கு நடத் தெரியேல்லையா?"

தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளும் என்பதால் இந்த மாதப் பத்தி முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊரில் காணி இருக்கிற எங்களில் பலருக்கு இப்போது ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது: "தேக்கு வைக்கப் போறம், காசு அனுப்புங்கோ." அந்தப் பொடியனின் கேள்விக்கும் இந்த அழைப்புக்கும் பதில் ஒன்றுதான்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் பதினேழு வருசமாக ஒரு மரக்காலையில் வேலை செய்கிறேன். ஜெர்மனில் ஸேகவெர்க் என்பார்களே, அதுதான். லொறியில் வந்து இறங்கும் குற்றிகளைத் தரம் பிரிப்பது என் வேலை. மரம் வளர்த்த அனுபவம் எனக்கு இல்லை. வளர்த்து முடித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் குற்றியின் வெட்டுமுகத்தில் பார்க்கிற அனுபவம்தான் உண்டு. ஒரு மரத்துக்கு எவ்வளவு இடம் விட்டார்கள், எந்த வயதில் பக்கத்து மரத்தை வெட்டினார்கள், எப்போது மறந்து போனார்கள், எல்லாம் அங்கே தெரியும்.

முதலில் உயரம். நெருக்கி நட்டால் மரம் வெயிலைத் தேடி உயரமாகப் போகும், விலக்கி நட்டால் குட்டையாக நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தோற்றம் அப்படித்தான் இருக்கும். அளந்து பார்த்தால் அப்படி இல்லை. ஒரே இனம், ஒரே வயது, ஒரே மண் என்றால், காட்டில் மேலோங்கி நிற்கும் மரங்களின் உயரத்தை இடைவெளி பெரிதாக மாற்றுவதில்லை. அதனால்தான் இங்குள்ள வனக்காரர்கள் ஒரு நிலம் நல்லதா கெட்டதா என்று பார்க்க மரத்தின் உயரத்தை வைத்துக் கணிக்கிறார்கள். மாறுவது பருமன். விலகி நிற்கிற மரத்துக்குத் தலை பெரிது, கொப்பும் இலையும் அதிகம், சமையல் நிறைய நடக்கும், தண்டு தடிக்கும். நெருங்கி நிற்கிற மரம் அதே உயரத்துக்குப் போய், ஒல்லியாக நிற்கும்.

ஒரு ஹெக்டேரில் விளையும் மொத்த மரத்தின் அளவு ஓர் எல்லைக்குள் அவ்வளவாக மாறாது. ஒரு பானைச் சோறு. அதைப் பத்துப் பேருக்குப் போடுவதா, நாற்பது பேருக்குப் போடுவதா என்பதுதான் இடைவெளி. மரக்காலைக்காரர் நாற்பது ஒல்லிக் குற்றியை விடப் பத்துப் பருத்த குற்றிக்குக் கூடக் காசு தருவார். ஒல்லிக் குற்றியை அரிந்தால் தூளும் சிராயும்தான் மிச்சம். (ஒரு விலக்கு: ஸ்புரூஸ் மிகவும் பருத்துவிட்டால் இன்றைய அரிவு இயந்திரங்களுக்குள் போகாது, அதற்கும் விலை குறையும்.)

அப்படியென்றால் எல்லாவற்றையும் விலக்கியே நட்டுவிடலாமே? அங்கேதான் கணு வருகிறது.

கணு என்பது மரத்துக்குள் புதைந்த கொப்பு. நெருக்கத்தில் நிற்கும் மரத்தின் கீழ்க் கொப்புகளுக்கு வெயில் கிடைக்காது. விரல் தடிப்பில் இருக்கும்போதே செத்து, உக்கி, காற்றுக்கு முறிந்து விழும். அந்தத் தழும்பை மூடி அதன்மேல் வருசா வருசம் சுத்தமான மரம் ஏறும். ஐஷ எனப்படும் ஓக்கும், பூக எனப்படும் பீச்சும் இப்படித் தங்களைத் தாங்களே சுத்தம் செய்துகொள்ளும். விலக்கி நட்டால் கீழ்க் கொப்பு சாகாது; கைத்தடிப்புக்கு, பிறகு காற்தடிப்புக்கு வரும். பலகையில் அது பெரிய வட்டமாக விழும். அந்த இடத்தில் மரநார் வளைந்து ஓடுவதால் பாரம் வைத்தால் அங்கேதான் முறியும்.

ஃபிஷ்ட, அதாவது எங்கள் வீட்டுக் கூரையில் இருக்கிற ஸ்புரூஸ், இதில் கொஞ்சம் பிடிவாதக்காரி. நிழலில் கொப்பு சாகும், ஆனால் விழாது. செத்த கொப்பைப் பல வருசம் பிடித்துக்கொண்டே நிற்கும். தண்டு தடித்து அந்தச் செத்த கொப்பை விழுங்கும்போது இரண்டும் ஒட்டாது. பிறகு பலகையாக்கிக் காயவிட்டால் அந்தக் கணு கழன்று விழுந்து ஓட்டையாகும். மலிவான தட்டுகளில் பிள்ளைகள் விரலை விட்டு விளையாடுகிற அந்த ஓட்டை இதுதான். உயிருள்ள கொப்பின் கணு கழராது. அதனால் நல்ல பலகை வேண்டுமென்றால், தேர்ந்தெடுத்த மரங்களில் 5 அல்லது 6 மீட்டர் உயரம் வரை கொப்புகளை ஆள் வைத்து வாளால் வெட்டுவார்கள். செலவு பிடிக்கிற வேலை. நெருக்கம் சும்மா செய்து தருகிற வேலையை விலக்கி நட்டவர் காசு கொடுத்துச் செய்விக்க வேண்டும்.

அடுத்தது வளையம். ஸ்புரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களில் ஒவ்வொரு வருச வளையத்திலும் இரண்டு பகுதி உண்டு. வசந்தத்தில் வளர்கிற வெளிறிய, மெத்தென்ற பகுதி. கோடை முடிவில் வளர்கிற கறுத்த, இறுகிய பகுதி. மரத்துக்கு இடம் கூடி வளையம் அகலமாகும்போது பெரும்பாலும் அகலமாவது மெத்தென்ற பகுதிதான். அதனால் வேகமாகப் பருத்த ஸ்புரூஸ் பாரம் குறைந்தது, பலமும் குறைந்தது. கட்டட மரத்தைக் கண்ணால் தரம் பிரிக்கிற டிஐஎன் 4074 விதியில் இதற்கு அளவு போட்டிருக்கிறார்கள்: எஸ் 10 தரத்துக்குச் சராசரி வளையம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதற்கு மேற்பட்ட எஸ் 13க்கு 4 மில்லிமீட்டர்.

மரத்தின் நடுப்பகுதியையும் பார்க்க வேண்டும். முதல் பதினைந்து வளையங்கள் அளவில் எந்த மரத்துக்கும் இளமை மரம். அதில் நார் முறுகி ஓடும், காயும்போது நீளவாக்கில் சுருங்கும், பலகை வில்லாக வளையும். நெருக்கத்தில் வளர்ந்து அந்தப் பதினைந்து வளையமும் தலா 3 மில்லிமீட்டர் என்றால் நடுவில் 9 சென்டிமீட்டர் விட்டத்துக்குத்தான் அந்தக் கோளாறு மரம். தாராளமாக இடம் விட்டு 6 மில்லிமீட்டர் வளர்ந்தால் 18 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் குற்றியில் 18 சென்டிமீட்டர் கோளாறு என்றால் அரிகிறவருக்கு என்ன மிஞ்சும்?

பிள்ளைகள் வயலின் பழகுகிற வீடுகளுக்கு ஒரு சின்னத் தகவல். வயலினின் மேற்பலகை ஸ்புரூஸ்தான். பவேரியாவின் மிட்டன்வால்டில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மத்தியாஸ் க்ளோட்ஸ் தொடங்கிவைத்த வயலின் தொழில் இன்றும் நடக்கிறது. அவர்கள் தேடுவது மலையில் மெதுவாக, ஒரே சீராக வளர்ந்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளையம் வைத்த மரம். மேற்பலகையின் கோடுகளைப் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு வருசம்.

இதெல்லாம் ஊசியிலை மரங்களுக்கு. ஓக், ஆஷ், தேக்கு போன்றவற்றில் கணக்குத் தலைகீழ். இவை வருசத் தொடக்கத்தில் பெரிய துவாரங்கள் உள்ள ஒரு வரியை வைக்கும். அதன் அகலம் ஏறக்குறைய மாறாது. மரம் வேகமாக வளர்ந்தால் கூடுவது அதற்குப் பிறகு வரும் இறுகிய பகுதி. ஆகவே அகல வளையம் உள்ள ஓக் பாரமானது, கடினமானது. கோடரிப் பிடிக்கு வேகமாக வளர்ந்த ஆஷ் மரத்தைத் தேடுவது இதனால்தான். ஒல்லி வளையமுள்ள ஓக் மெதுவானது, இலகுவாகச் சீவலாம். மேசைக்கு மேல் ஒட்டுகிற மெல்லிய தகட்டுக்கு அதுதான் வேண்டும். ஃப்ராங்க்ஃபுர்ட்டுக்கும் வூர்ட்ஸ்பூர்குக்கும் நடுவில் இருக்கிற ஸ்பெஸ்ஸார்ட் காட்டு ஓக் உலகப் பெயர் எடுத்தது இதில்தான். அங்கே முந்நூறு வருசத்துக்கு மேற்பட்ட மரங்கள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றிப் பீச் மரங்களை விட்டிருப்பார்கள். அவை காசுக்காக அல்ல. ஓக்கின் தண்டில் வெயில் படாமல் மறைப்பதற்காக. வெயில் பட்டால் தண்டிலேயே சின்னக் கொப்புகள் முளைத்துத் தகட்டில் புள்ளி புள்ளியாகக் கணு விழும். "வேகமாக வளர்ந்த மரம் கூடாது" என்று பொதுவாகச் சொல்கிறவர்களிடம் எந்த மரம், என்ன வேலைக்கு என்று கேளுங்கள்.

இனி ஜெர்மனி எப்படி இந்தப் பாடத்தைப் படித்தது என்பதற்கு வருகிறேன். ஸாக்ஸனியில் வெள்ளிச் சுரங்கங்களுக்கு விறகும் முட்டுமரமும் தட்டுப்பட்டபோது, ஃப்ரைபெர்கின் சுரங்க அதிகாரி ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ் 1713இல் ஒரு பெரிய நூல் எழுதினார். வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே, வெட்டினால் நடு என்பது அதன் சாரம். பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற 'நாஹ்ஹால்டிக்கைட்' என்ற சொல்லின் வேரை அங்கேதான் காட்டுவார்கள். பிறகு வந்த 19ஆம் நூற்றாண்டில் வரிசை வரிசையாக ஸ்புரூஸ். மீட்டருக்கு ஒரு கன்று, ஹெக்டேருக்குப் பத்தாயிரம் வரை.

அது முட்டாள்தனம் அல்ல. அந்தக் காலத்தில் ஒல்லி மரத்துக்கும் சந்தை இருந்தது: ஹொப் கொடிக்குக் கம்பு, திராட்சைக்கு முளை, வேலிக்குத் தடி, எல்லாவற்றுக்கும் மேலாக ரூர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு முட்டுமரம். சுரங்கத் தொழிலாளர் இந்த மரங்களை விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. பாரம் தாங்காமல் முறிவதற்கு முன் அவை கீச்சிட்டு எச்சரிக்கும், ஓடித் தப்பலாம். இப்படியாக, நெருக்கி நட்டவர்கள் பதினைந்து, இருபது வருசத்தில் ஐதாக்கினார்கள், வெட்டிய ஒல்லி மரத்தைக் காசாக்கினார்கள், மிச்ச மரம் பருத்தது. தமிழ்நாட்டில் சவுக்கை இன்றும் மீட்டருக்கு ஒன்று நடுகிறார்களே, அதே கணக்கு. சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் வேண்டியது நேரான ஒல்லிக் கம்பு. நாலைந்து வருசத்தில் மொத்தமாக வெட்டிவிடுவார்கள்.

போருக்குப் பின் மொட்டையான காடுகளை நிரப்பியதில் பெண்களுக்குப் பெரிய பங்கு. எங்கள் வயதுக்காரருக்கு ஐம்பது பெனிஷ் நாணயம் நினைவிருக்கும். அதில் முழங்காலில் இருந்து ஓக் கன்று நடுகிற பெண் அவர்களின் நினைவாகத்தான். நாணயத்தில் ஓக் இருந்தாலும் நிலத்தில் பெரும்பாலும் நட்டது ஸ்புரூஸும் பைனும். சீக்கிரம் வளரும், கன்று மலிவு. பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசி நிலக்கரிச் சுரங்கம் பொட்ராப்பில் 2018 டிசம்பரில் மூடியது. ஒல்லி மரத்துக்கு ஆள் இல்லை, கூலி ஏறியது, ஐதாக்கும் வேலையைப் பல காணிக்காரர் தள்ளிப் போட்டார்கள். நெருக்கி நட்டது அப்படியே நின்றது.

நெருக்கி நட்டு, அப்படியே விட்ட காடு என்ன ஆகும் என்பதற்கு ஒரு எளிய எண் இருக்கிறது. மரத்தின் உயரத்தை நெஞ்சளவு உயரத்தில் உள்ள விட்டத்தால் வகுக்க வேண்டும். 25 மீட்டர் உயரம், 25 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 100. அதே உயரத்துக்கு 32 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 78. ஸ்புரூஸில் 80க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 100ஐத் தாண்டினால் ஈரப்பனி விழுகிற ஓர் இரவில் நூல் போல வளைந்து முறியும். இதை நீங்களே ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அளக்கலாம். நிலத்தில் இருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நூலைச் சுற்றி, வரும் நீளத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டம். உயரத்துக்கு, கண்ணில் இருந்து நீட்டிய கை வரையுள்ள நீளத்துக்கு ஒரு தடியை எடுத்து, கையை நீட்டி நிமிர்த்திப் பிடித்து, தடியின் அடியும் நுனியும் மரத்தின் அடியோடும் நுனியோடும் பொருந்தும் வரை பின்னால் நடவுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் இருந்து மரத்துக்கு எத்தனை மீட்டரோ அதுதான் மரத்தின் உயரம். பெருக்கல் வகுத்தல் படிக்கிற வயதுக்கு நல்ல விளையாட்டு.

1990இல் விவியன், வீப்கெ என்ற சூறாவளிகள். 1999 டிசம்பர் 26இல் லோதார். கறுப்புக் காட்டை அது வழித்தெடுத்துப் போட்டது. (எங்கள் சனத்துக்கு அந்தத் தேதி வேறொரு வருசத்தை நினைவூட்டும்.) 2007 ஜனவரி 18இல் கிரில், நேரே ஸவர்லாண்டுக்கு மேல். சூறாவளிக்கு இடைவெளியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஸ்புரூஸின் வேர் மேலோட்டமானது, மண் ஊறியிருந்தது, எல்லா மரமும் ஒரே வயது, ஒரே இனம். ஆனால் ஒல்லியாக, சின்னத் தலையோடு, பக்கத்து மரத்தில் சாய்ந்து நின்று பழகிய மரத்துக்குப் பக்கத்து மரம் போனதும் பிடி இல்லை. 2018க்குப் பிறகு வந்த வறட்சிகளும் பட்டைவண்டும் மிச்சத்தை முடித்தன. டோர்ட்முண்ட் பொடியன் நின்ற சரிவு அந்த மிச்சத்தில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது ஓக்குக்கு வருவோம். பழைய முறையில் ஹெக்டேருக்கு ஆறாயிரம், எட்டாயிரம் ஓக் கன்று நடுவார்கள். நூற்றைம்பது வருசம் கழித்துக் கடைசியில் நிற்பது அறுபது, எழுபது மரம். மற்ற எல்லாம் இடையில் வெட்டப்படவோ சாகவோ பிறந்தவை. முதலில் நெருக்கம்: தண்டு நேராகவும் கொப்பில்லாமலும் ஏறட்டும். அடித்தண்டு கடைசி உயரத்தில் கால்வாசிக்குச் சுத்தமானதும் திருப்பம்: நல்ல மரத்தைக் குறித்து, அதன் தலையை உரசுகிற அயலவர்களை வெட்டி, அதற்கு வானத்தைத் திறந்து விடுவது. ரைன்லாண்ட்-ஃபால்ட்ஸ் மாநில வனத்துறை இந்த இரண்டு கட்டத்தையும் ஒரு முறையாக ஆக்கி அதற்கொரு பெயரும் வைத்திருக்கிறது: முதலில் தரம், பிறகு பருமன். பிள்ளை வளர்ப்புக்கு உவமானம் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவீர்கள். தயவுசெய்து வேண்டாம். இங்கே ஒன்றை வளர்க்க நூறை வெட்டுகிறார்கள்.

எட்டாயிரம் கன்று, அதைச் சுற்றி வேலி, மானுக்குக் காவல், களை. இந்தச் செலவை இன்று தாங்க ஆள் இல்லை. அதற்கான பதில்தான் பொடியன் நட்ட கூட்டம். கடைசியில் எழுபது மரம்தான் நிற்கப் போகிறது என்றால், அந்த எழுபது இடத்தில் மட்டும் நெருக்கி நடு. பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு இருபத்தைந்து ஓக், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர். ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,700 கன்றில் வேலை முடிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஹைன்பூக அல்லது லிண்ட மரக்கன்று சில, தண்டுக்கு நிழல் தர. கூட்டத்துக்குள் அவர்கள் ஒருவரையொருவர் நெருக்கிக் கொப்பைச் சாகடிப்பார்கள். இருபத்தைந்தில் ஒன்று வெல்லும். அதற்குப் பருக்கச் சுற்றிவர ஆறு மீட்டருக்கு இடம் காத்திருக்கிறது. சும்மா கிடக்கிற நடுவில் பெர்ச்சும் வில்லோவும் தாங்களாகவே முளைக்கும், அதுவும் நல்லது. 1990ஆம் ஆண்டுச் சூறாவளிகளுக்குப் பிறகு, வெறுமையான நிலங்களை மலிவாக நிரப்ப வேண்டிய நெருக்கடியில் பரவிய முறை இது. தம்பியிடம் சொல்லுங்கள்: நடத் தெரிந்தவர்கள்தான், நூறு வருசம் தள்ளிப் பார்த்து நடுகிறார்கள்.

இனித் தேக்கு. பான் நகரில் 1824இல் பிறந்த டீட்ரிஷ் பிராண்டிஸ் 1856இல் பர்மாவின் தேக்குக் காடுகளுக்கு அதிகாரியாகப் போனார். 1864இல் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத் தலைமை அதிகாரியானார். அவருக்குப் பின் அந்தக் கதிரையில் இருந்த ஷ்லிஷும் ரிப்பென்ட்ரோப்பும் ஜெர்மானியரே. ஸ்புரூஸுக்குப் பழகிய கணக்கு, அளவு, ஐதாக்கும் ஒழுங்கு எல்லாம் இப்படி எங்கள் பக்கத்துத் தேக்குக்கும் வந்தது. தேக்குத் தோட்டம் அதற்கு முன்பே உண்டு. 1840களில் மலபார் கலெக்டர் கொனொலியும் அவருடைய அலுவலர் சாத்து மேனனும் நிலம்பூரில் தொடங்கியது இன்றும் நிற்கிறது. இலங்கைக்கு டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டிலேயே தேக்கைக் கொண்டுவந்து கோப்பாயில் நட்டதாக வனத்துறை வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. பனைக்குப் பெயர் போன மண்ணில் தேக்கு! பனைக்கு இந்த இடைவெளிக் கணக்கு எதுவும் பொருந்தாது என்பது வேறு. பனைக்கு வருச வளையமே இல்லை, தண்டு எழுந்தபின் வருசா வருசம் பருக்கிற வழக்கமும் இல்லை, வயிரம் நடுவில் இல்லாமல் வெளியில் இருக்கும்.

போன புரட்டாதியில் எனக்கும் அந்தத் தொலைபேசி வந்தது. ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர். பார்த்துக்கொள்கிறவர் சித்தப்பா, எழுபத்தொரு வயது. "பிள்ளை, ஏக்கருக்கு ஆயிரம் கன்று வைக்கலாமாம். இருபது வருசத்தில எல்லாம் காசாம். கன்று தாறவன் கணக்குப் போட்டுக் கடதாசியில தந்திருக்கிறான். மாரிக்கு முதல் வைச்சிடலாம்."

கடதாசியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆயிரம் கன்று, இருபதாம் வருசம் ஆயிரம் மரம், ஒரு மரத்துக்கு இவ்வளவு விலை, பெருக்கல். அவ்வளவுதான். 1990களில் தமிழ்நாட்டில் தேக்குத் திட்டம் என்று பணம் சேர்த்துச் சரிந்த கூட்டத்தின் கணக்கும் இதே மாதிரித்தான் இருந்தது.

ஏக்கருக்கு ஆயிரம் என்றால் 2 மீட்டருக்கு 2 மீட்டர். அது பிழையான இடைவெளி அல்ல. பல இடங்களில் வனத்துறையே அப்படித்தான் நடுகிறது, தண்டு நேராக ஏறுவதற்காக. ஆனால் வனத்துறை ஐந்தாம் வருசம் அளவில் வந்து பாதியை வெட்டும், பத்தாம் வருசம் அளவில் திரும்ப வரும், பிறகும் வரும். கடைசியில் ஏக்கருக்கு நூறு மரம்கூட மிஞ்சாது. தேக்கு வெயில் பைத்தியம். தலை நெருங்கியதும் வளர்ச்சி நின்றுவிடும். வெட்டாமல் விட்டால் இருபதாம் வருசம் ஆயிரம் தேக்குத் தூண் இருக்காது, ஆயிரம் வேலித் தடி இருக்கும். அந்த ஒல்லித் தடிக்குள் பெரும்பகுதி வெள்ளை. விலை போகிற வயிரம் பருமனோடும் வயதோடும்தான் கூடும். பத்துப் பதினைந்து வருசம் நெருக்கத்தில் கிடந்ததைத் திடீரென்று திறந்துவிட்டாலும் தண்டெல்லாம் புதுக்கொப்பு முளைக்கும். பிந்திப் போய்ச் செய்கிற ஐதாக்கல் பாதிப் பலன்தான் தரும்.

"சித்தப்பா, அஞ்சாம் வருசம் ஐநூறு மரத்தை ஆர் வெட்டுறது?" என்று கேட்டேன்.

"வளருற மரத்தை ஆரும் வெட்டுவினமே? பாவமெல்லோ."

இதுதான் முழுப் பிரச்சினையும். நெருக்கி நடுவது ஒரு வாக்குறுதி: திரும்ப வந்து வெட்டுவேன் என்று. சித்தப்பாவின் மகன் கனடாவில், நான் ஸவர்லாண்டில். வெட்ட ஆள் இல்லாதவர் நெருக்கி நடக் கூடாது. விலக்கி நட்டால் மரம் தானாகப் பருக்கும், கொப்பைக் கத்தரிக்க மட்டும் ஆள் வேண்டும். அது முதல் ஆறேழு வருசம், வருசத்துக்கு ஓரிரு நாள் வேலை. வேகமாகப் பருத்த தேக்கு பலமில்லாதது என்ற பயம் வேண்டாம். மேலே சொன்னேனே, அது ஓக்கின் கட்சி.

கணக்கு இப்படி: 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 450 கன்று. 4 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் 250. இருநூற்றைம்பதில் நோஞ்சான், வளைந்தது, செத்தது எல்லாம் போனால் தெரிவு செய்ய அதிகம் இராது, அதனால் நான் 3 மீட்டர் பக்கம். அதிலும் எட்டாம், பத்தாம் வருசம் அளவில் ஒரு முறை பாதியை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் அப்போது எடுப்பது விற்கக்கூடிய தடிப்பில் இருக்கும். இடையில் முதல் இரண்டு மூன்று மாரிக்கு உழுந்தும் கச்சானும் போடலாம், களையும் அடங்கும். உங்களுக்கும் இப்படி அழைப்பு வந்தால் கன்றின் விலையைக் கேட்பதற்கு முன் கேளுங்கள்: எந்த வருசம் எத்தனை மரம் வெட்டுவீர்கள், வெட்டுக்கூலி யாருடையது, முதல் ஐதாக்கலில் வருகிற தடியை யார் வாங்குவார். பதில் இல்லையென்றால் அது மரத்திட்டம் அல்ல, கன்று வியாபாரம். வெட்டிய தேக்கை லொறியில் ஏற்ற வனத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். காணி உறுதி ஒழுங்காக இல்லாதவர்கள் முதலில் அதைச் சரி செய்வது நல்லது.

நாங்கள் முடிவாக ஓர் ஏக்கரில் மட்டும் 450 கன்று வைத்தோம். மற்ற ஏக்கர் சித்தப்பாவின் விருப்பப்படி மாவும் தென்னையும். கன்றுக்கு என்று எடுத்து வைத்த காசில் பாதியைத்தான் அனுப்பினேன். மிச்சம் கொப்பு வெட்டுக்கும் ஐதாக்கலுக்கும் தனியாகக் கிடக்கிறது. வெட்ட வேண்டிய மரங்களுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக் காட்டச் சித்தியின் தம்பி சம்மதித்திருக்கிறார். சித்தப்பாவும் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: வெட்டுகிற அன்றைக்குத் தான் கோப்பாயில் மகள் வீட்டுக்குப் போய்விடுவாராம்.